தொலைக் கணிப்பொறிக்குக் காப்பான வழி

தொலைவில் உள்ளதை அருகிற் கொணர்வது விஞ்ஞானத்தின் பழம் பெரும் நோக்கங்களுள் ஒன்று. தொலைநோக்கி விண்மீன்களை நம் கண்ணருகே கொணர்ந்தது. தந்தியும் தொலைபேசியும் தொலைவிலுள்ளார் சொல்லைக் கொணர்ந்தன. இன்று இணையமானது, எங்கோ நிற்கும் ஒரு கணிப்பொறியின் திரையையே நம் மேசைமீது கொணர்ந்து வைக்கின்றது. ரிமோட் டெஸ்க்டாப் என வழங்கும் இவ்வேற்பாட்டின்படி, மாவட்டத் தலைநகரில் அமர்ந்திருக்கும் ஊழியர் ஒருவர், மலையடிவாரத்து ஆற்றங்கரை நிலையத்தில் உள்ள கணிப்பொறியைத் தம் முன்னிருப்பது போலவே இயக்கலாம். விடுமுறை நாளில் வீட்டிலிருக்கும் ஆசிரியர், பள்ளியின் கணிப்பொறியில் உள்ள மதிப்பெண் பதிவேட்டைத் திறந்து திருத்தலாம். பழுது பார்க்கும் நிபுணர் நெடும் பயணம் செய்யாமலே பழுதைக் கண்டறியலாம். தொலைதூர நிலையங்கள் பல உள்ள நம் போன்ற பரந்த நாட்டிற்கு இது பெரிய வசதி என்பதில் ஐயமில்லை.

இவ்வசதியை நாம் விலக்க வேண்டியதில்லை. ஆனால் அது பல இடங்களில் அமைக்கப்படும் முறையை விலக்கியே ஆகவேண்டும். தொலைக் கணிப்பொறியின் திரைக்குச் செல்லும் வாயில் எதுவும் பொது இணையத்தை நோக்கி நேரே திறந்திருத்தல் ஆகாது. காப்புடைய சுரங்கவழி ஒன்றின் மூலமாகவே அதனை அடைதல் வேண்டும். அச்சுரங்கவழியை அமைத்துத் தருவது இலாகாவின் கடமை. அதன் சாவியைக் காப்பது ஊழியர் ஒவ்வொருவரின் கடமை. இதுவே இக்கட்டுரை வற்புறுத்த முற்படும் கருத்தாகும்.

திறந்த வாயில்

இணையத்தில் இணையும் கணிப்பொறிக்கு எண்ணால் ஆகிய முகவரி உண்டு. அது ஆற்றும் பணிகள் ஒவ்வொன்றுக்கும் போர்ட் எனப்படும் எண்ணிட்ட வாயில் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ரிமோட் டெஸ்க்டாப் பணிக்கு வழக்கமான வாயில் 3389 ஆகும். வி.என்.சி. என்னும் பிறிதோர் ஏற்பாட்டிற்கு 5900 ஆகும். வெளியிலிருந்து வரும் அழைப்பை இவ்வாயிலுக்குத் திருப்பிவிடுமாறு ரூட்டரில் ஓரிரு மாற்றங்கள் செய்துவிட்டால் காரியம் முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். ஐந்து நிமிஷ வேலை. உடனே பயன் கிட்டுகிறது. ஆதலின் இம்முறை எளிதில் பரவிவிடுகிறது.

இதன் தீங்கை எடுத்துக் கூறினால் வரும் முதல் மறுமொழி, "எங்களுடையது சிற்றூரில் உள்ள சிறு நிலையம், எங்களை யார் தேடி வரப்போகிறார்கள்?" என்பதாகும். இது நியாயமான மறுமொழி போலத் தோன்றினும் உண்மைக்குப் பொருந்துவதன்று. திருடன் ஊர்ப்பெயரைக் கேட்டு வருவதில்லை. எண்களை வரிசையாகத் தட்டிக்கொண்டே வருகிறான். இன்றும் பெருவழக்கில் உள்ள நான்காம் பதிப்பு இணைய முகவரிகளின் மொத்தத் தொகை 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். இத்தொகை நமக்குப் பெரிதாகத் தோன்றலாம். ஆனால் 2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஸீமேப் என்னும் கருவியை வெளியிட்டு, வேகமான இணைப்புடைய ஒரே கணிப்பொறியைக் கொண்டு, உலகின் இம்முகவரிகள் அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட வாயில் திறந்துள்ளதா என்பதை 45 நிமிஷங்களுக்குள் அறிந்துவிடலாம் என்று காட்டினர். திறந்துள்ள வாயில்களைத் தேடிப் பட்டியலிட்டுத் தரும் ஷோடான் என்னும் தேடுபொறி 2009 முதலே இயங்கி வருகிறது. ஆகவே, சிற்றூரின் நிலையமும் தலைநகரின் அலுவலகமும் இத்தேடலின் முன் ஒன்றே.

வாயிலின் எண்ணை 3389 என்பதிலிருந்து வேறொன்றாக மாற்றிவிட்டால் போதுமே என்பாரும் உளர். வாயில் எண்கள் மொத்தம் 65,535 மட்டுமே. சலியாது தட்டும் யந்திரத்திற்கு அவை அனைத்தையும் தட்டிப் பார்ப்பது அரிய செயலன்று. இம்மாற்றம் கதவின்மேல் உள்ள பெயர்ப் பலகையைக் கழற்றுவது போன்றது, கதவு பூட்டப்படுவதில்லை.

வாயிலைக் கண்டபின் நிகழ்வன இரண்டு. ஒன்று, கடவுச்சொல்லை ஊகித்தல். ஊர்ப்பெயர், ஆண்டு, நிலையத்தின் பெயர், 12345 என்னும் வரிசை ஆகிய சொற்களை ஆயிரக்கணக்கில் அடுத்தடுத்து இட்டுப் பார்ப்பது யந்திரத்திற்குச் சிறு வேலை. பத்து முறை தவறினால் சிறிது நேரம் கணக்கைப் பூட்டிவைக்கும் காவல் ஏற்பாடு, விண்டோஸ் 11-இல் 2022-ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது; அதற்கு முன்னர் நிர்வாகி தாமே முனைந்து அமைத்தாலன்றி அது இல்லை.

மற்றொன்று, கடவுச்சொல்லே வேண்டாது நுழைதல். 2019 மே 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம், பின்னர் புளூகீப் எனப் பெயர் பெற்ற ஒரு குறைக்குத் திருத்தம் வெளியிட்டது. விண்டோஸின் பழைய பதிப்புகளில் ரிமோட் டெஸ்க்டாப் பணியிலேயே அமைந்திருந்த அக்குறை வழியாக, யாதொரு கடவுச்சொல்லும் இன்றிக் கணிப்பொறியைக் கைப்பற்ற இயலும் நிலை இருந்தது. ஆதரவு முடிந்துவிட்ட விண்டோஸ் எக்ஸ்.பி.க்கும் அந்நிறுவனம் அன்று திருத்தம் வெளியிட்டது என்றால், அபாயத்தின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். அதற்கு முன்னரே, 2018 செப்டம்பரில், அமெரிக்காவின் எப்.பி.ஐ.யும் உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகாவும் இவ்வழியாக நுழைவோர் பெருகி வருவதைச் சுட்டிப் பொது எச்சரிக்கை விடுத்திருந்தன.

இழப்பின் தன்மை

இவ்வாறு நுழைவோர் பெரும்பாலும் வேண்டுவது பணம். கணிப்பொறியில் உள்ள கோப்புகள் அனைத்தையும் தமக்கு மட்டுமே தெரிந்த சாவியால் குறியாக்கம் செய்து பூட்டிவிட்டு, அச்சாவியைத் தரப் பணயம் கேட்பர். 2022 நவம்பர் 23 அன்று டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன என்றும், சுமார் 1.3 டெராபைட் அளவான தகவல் பூட்டப்பட்டது என்றும், வலையமைப்பு உரிய பகுதிகளாகப் பிரிக்கப்படாமையே காரணம் என்றும் அரசாங்கம் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. நோயாளிகளைப் பதிவு செய்யும் பணி ஏறத்தாழ இரண்டு வாரம் காகிதத்திலும் பேனாவிலும் நடைபெற வேண்டியதாயிற்று. ரிமோட் டெஸ்க்டாப் அதற்குக் காரணம் என்று இங்கே கூறவில்லை. பொது ஸ்தாபனம் ஒன்றின் உள்ளே அந்நியர் நுழைந்துவிட்டால் மக்களுக்கு நேரும் துன்பம் எத்தகையது என்பதைக் காட்டவே இதனைக் கூறுகிறோம். அங்கு பாதிப்புறாத சர்வர் ஒன்றில் காப்புப் பிரதி இருந்தமையால் மருத்துவமனைத் தகவல்கள் மீட்கப்பெற்றன என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கள ஊழியரின் பதிவேட்டில் வேறொரு சிறப்பு உண்டு. கடையின் கணக்கு அழிந்தால் ரசீதுகளைக் கொண்டு மறுபடி எழுதலாம். ஆனால் ஆற்றின் நீர்மட்டம், மழையின் அளவு, மண்ணின் ஈரம், பயிரில் கண்ட நோயின் முதல் அறிகுறி ஆகியவை அந்தந்த நாளுக்கே உரியவை. சென்ற ஆவணி மாதத்து மழையை இவ்வாண்டு அளக்க இயலாது. அளந்து எழுதியது அழிந்தால் அந்நாள் விஞ்ஞானத்திற்கு இல்லாமற் போகிறது. அழிவதினும் கொடியது, யாரும் அறியாமல் மாறிவிடுதல். வெள்ள எச்சரிக்கைக்கு ஆதாரமான எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் அதன் விளைவு ஊரையே சாரும். அதுபோன்றே பள்ளியின் கணிப்பொறியில் உள்ள பெயர், பிறந்த தேதி, பெற்றோர் விவரம் ஆகியவை குழந்தைகளுடையவை. ஆசிரியரிடம் அவை நம்பி ஒப்படைக்கப்பட்டவை. ஒருமுறை வெளியே சென்றுவிட்டால் அவற்றை மீண்டும் உள்ளே கொணர எவராலும் இயலாது.

சுரங்கவழியின் அமைப்பு

இவ்விடருக்கு மருந்தாக அமைந்ததும் ஓர் இடரிலிருந்தே பிறந்தது. 1995-ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில், கடந்து செல்லும் கடவுச்சொற்களை யாரோ ஒளிந்திருந்து கவர்ந்தனர். அங்கு ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து இலோனென் இதற்கு மாற்றாக எஸ்.எஸ்.எச். என்னும் முறையை அவ்வாண்டிலேயே வகுத்தளித்தார். 1999 முதல் ஓப்பன் எஸ்.எஸ்.எச். என்ற பெயரில் அனைவரும் விலையின்றி உபயோகிக்கத்தக்க வடிவில் அது கிடைத்து வருகிறது. லினக்ஸ் கணிப்பொறிகளில் நெடுநாளாக உள்ள இது, 2018 முதல் விண்டோஸ் 10-இலும் சேர்ந்துள்ளது. ஆகவே இதற்கெனப் பொருட்செலவு இல்லை.

சுரங்கவழி இயங்கும் விதத்தைப் படிப்படியாகக் காண்போம். நிலையத்துக் கணிப்பொறியின் 3389-ஆம் வாயில், ஃபயர்வால் என்னும் காவல் அமைப்பினால் வெளியுலகிற்கு முற்றிலும் அடைக்கப்படுகிறது. வெளியே திறந்திருப்பது எஸ்.எஸ்.எச். பணிக்குரிய 22-ஆம் வாயில் ஒன்றே. ஊழியர் தம் மடிக்கணினியில் எஸ்.எஸ்.எச். நிரலை இயக்கி, "என் கணிப்பொறியின் 13389-ஆம் வாயிலுக்கு வருவதை எல்லாம் பெற்று, நிலையத்தின் உள்ளே 3389-ஆம் வாயிலில் சேர்ப்பிக்க" என்று கட்டளை இடுகிறார். பின்பு ரிமோட் டெஸ்க்டாப் நிரலைத் திறந்து, தொலைவிலுள்ள முகவரியைத் தராமல், தம் கணிப்பொறியின் சொந்த முகவரியாகிய 127.0.0.1 என்பதையும் 13389 என்ற எண்ணையும் தருகிறார். அங்கே காத்திருக்கும் எஸ்.எஸ்.எச். நிரல் செய்தியை வாங்கிக் குறியாக்கம் செய்து 22-ஆம் வாயில் வழியே அனுப்புகிறது. மறுமுனையில் அது குறி நீக்கப்பட்டு உரிய இடத்தில் சேர்க்கப்படுகிறது. இடையில் உள்ளோர் காண்பது பொருளற்ற எண்களின் ஓட்டம் மட்டுமே.

ரிமோட் டெஸ்க்டாப்பும் தன் செய்தியைக் குறியாக்கம் செய்தே அனுப்புகிறது. அங்ஙனமாயின் சுரங்கவழி எதற்கு என்று வினவலாம். வினா சரியானதே. சுரங்கவழியின் முதற்பயன் மறைத்தல் அன்று; யார் தட்டலாம் என்பதைக் குறைத்தலே அதன் முதற்பயன். திறந்த 3389-ஆம் வாயிலை உலகத்தார் அனைவரும் தட்டலாம். அதனுள் உள்ள குறைகள் அனைத்தும் அவர் கைக்கு எட்டும். சுரங்கவழி அமைந்தபின், சாவியைக் காட்டியவருக்கே அவ்வாயில் இருப்பது தெரியவரும். புளூகீப் போன்ற குறை ஒன்று நாளை வெளிப்பட்டாலும், திருத்தம் செய்து முடிக்கும்வரை நிலையம் தாங்கி நிற்கும்.

இங்கே சாவி என்பது கடவுச்சொல் அன்று. 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்னும் இரு அறிஞர்கள் வெளியிட்ட பொதுச்சாவிக் கொள்கையை ஒட்டி, ஒவ்வோர் ஊழியருக்கும் இணைந்த இரு சாவிகள் உண்டாக்கப்படுகின்றன. பொதுச்சாவியை நிலையத்துக் கணிப்பொறியில் எழுதி வைக்கலாம். அதனை எவர் கண்டாலும் கேடில்லை. மறைச்சாவி ஊழியரிடமே இருக்கும். அவர் தம்மை மெய்ப்பிக்கும்போது அந்த மறைச்சாவியால் ஒரு கையொப்பம் இடப்படுகிறதேயன்றி, சாவி வலையில் பயணம் செய்வதே இல்லை. ஊகித்துக் கண்டுபிடிக்கத் தக்க சொல் எதுவும் அங்கில்லை. எனினும் ஒன்று கவனிக்கற்பாலது: 22-ஆம் வாயிலையும் திருடர் தட்டவே செய்வர். ஆதலின் அதில் கடவுச்சொல்லால் நுழையும் முறையை அறவே நிறுத்திச் சாவியால் மட்டுமே நுழையுமாறு அமைத்தல் வேண்டும். இதனைச் செய்யாத சுரங்கவழி பாதி வேலையே ஆகும்.

முகவரி இல்லாத நிலையங்கள்

நம் கள நிலையங்கள் பலவற்றிற்குத் தொலைபேசி நிறுவனத்தின் சிம் அட்டை வழியாகவே இணைப்புக் கிடைக்கிறது. அந்நிறுவனங்கள் வழக்கமாக ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பகிர்ந்தளிக்கின்றன. எனவே அந்நிலையத்தை வெளியிலிருந்து அழைக்க ஒரு தனி முகவரியே இராது. "எங்களால் சுரங்கவழி அமைக்க இயலாது" என்று கூறுவோர் பெரும்பாலும் இதனையே காரணமாகக் காட்டுவர்.

இதற்கும் வழியுண்டு. வெளியிலிருந்து நிலையத்தை அழைக்க இயலாவிடினும், நிலையம் வெளியே அழைக்கலாமன்றோ? நிலையத்துக் கணிப்பொறி தானே தலைமை அலுவலகத்தில் உள்ள சர்வரை அழைத்து, அவ்வழைப்பின் ஊடாகவே திரும்பி வரும் பாதை ஒன்றைத் திறந்து வைக்கும். இதனை எதிர்ச்சுரங்கவழி எனலாம். ஊழியர் தம் சாவியுடன் தலைமை அலுவலகச் சர்வரை அடைந்து, அங்கிருந்து அப்பாதையால் நிலையத்தை அடைகிறார். மழைக்காலத்தில் இணைப்பு அறுந்தால், மீண்டும் கிட்டியவுடன் தானே அழைக்குமாறு கணிப்பொறியை ஏற்பாடு செய்தல் அவசியம். இன்றேல் அறுந்த பாதையை ஒட்ட ஓர் ஆளைப் பேருந்தில் அனுப்ப நேரிடும். நிலையத்தின் சாவிக்குத் தலைமைச் சர்வரில் இப்பாதையைத் திறக்கும் உரிமையன்றி வேறெந்த உரிமையும் அளித்தல் ஆகாது. அவ்வாறு செய்தால், நிலையத்தின் கணிப்பொறியே களவு போயினும் தலைமை அலுவலகம் கெடாது.

வயர்கார்டு என்னும் புதிய முறையும் கருதத்தக்கது. 2020 மார்ச்சில் லினக்ஸின் கருப்பகுதியிலேயே இது சேர்க்கப்பட்டது. உரிய சாவியின்றி வரும் செய்திக்கு இது மறுமொழியே தருவதில்லை. ஆகையால் தட்டிப் பார்ப்பவனுக்கு அங்கே ஒரு வாயில் இருப்பதே புலனாகாது. நிலையங்கள் பலவற்றை ஒரே தனிவலையாகப் பிணைக்க விரும்பும் இலாகாவிற்கு இது ஏற்றது. மத்திய, மாநில அரசு அலுவலகங்களுக்குத் தேசியத் தகவலியல் மையம் வி.பி.என். என்னும் தனிவலைச் சேவையை அளிக்கின்றது. அத்தகைய சேவை கிடைக்கும் இடங்களில் அதனையே முதலில் நாடுதல் நன்று. எம்முறையாயினும் ஆகுக, கொள்கை ஒன்றே.

சில ஆட்சேபங்கள்

"வேலை தாமதப்படும்" என்பது ஓர் ஆட்சேபம். களத்திலிருந்து மாலையில் திரும்பிய ஊழியர், இருட்டுமுன் அன்றைய அளவுகளைச் சேர்க்க விரைகிறார். அவருக்கு மேலும் ஒரு படி ஏற வேண்டுமென்பது சுமையே. இதனை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் அச்சுமையைப் பொறுக்க வேண்டியவர் அவரல்லர். ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் சுரங்கவழி ஒரே சொடுக்கில் திறக்கும். அவ்வாறு அமைத்துத் தராமல் விதியை மட்டும் சுற்றறிக்கையாக அனுப்பும் அலுவலகமே, ஊழியரைக் குறுக்குவழிக்குத் தள்ளுகிறது. அன்றியும், அன்றைய அளவுகளைப் பெறுவது மட்டுமே நோக்கமாயின், முழுத் திரையையும் வரவழைக்க வேண்டியதே இல்லை. எஸ்.எஸ்.எச். வழியாகவே கோப்பை அனுப்பும் வசதி உண்டு. குறித்த நேரத்தில் நிலையமே அதனை அனுப்பிவிடலாம். மெலிந்த இணைப்புள்ள இடங்களில் இதுவே விரைவானதுமாகும்.

"சந்தையில் ஆயத்தமாகக் கிடைக்கும் தொலை உதவிச் செயலிகள் இருக்கச் சுரங்கவழி எதற்கு?" என்பது மற்றோர் ஆட்சேபம். அவற்றை நிறுவுவது எளிது, அவசரத்திற்கு உதவுவன. ஆயினும் அவற்றில் நம் நிலையத்தின் வாயிற்காவல் பிறிதொரு நிறுவனத்தின் கையில் உள்ளது. எனிடெஸ்க் நிறுவனம் தன் சர்வர்களுள் அந்நியர் புகுந்தமையை 2024 பிப்ரவரியில் தானே அறிவித்தது. அச்செயலியை நிறுவுமாறு மக்களைத் தூண்டி வங்கிப் பணத்தைக் கவரும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருந்தது. செயலியே தீயது என்பதன்று. அழைத்தவர் யாரென அறியாமல் திரையை ஒப்படைப்பதே தீது.

மூன்றாவது ஆட்சேபம் எதிர்ப்புறத்திலிருந்து வருவது: "சுரங்கவழி அமைத்துவிட்டோம், இனி அச்சமில்லை" என்னும் மனநிறைவு. இதுவே மூன்றினும் அபாயமானது. 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கொலோனியல் எண்ணெய்க்குழாய் நிறுவனம் தாக்கப்பட்டுப் பல நாள் எண்ணெய் ஓட்டம் நின்றது. நுழைந்தவர்கள் வந்தது தனிவலை வழியாகவே. உபயோகத்தில் இல்லாது, நீக்கப்படாமலும் இருந்த பழைய கணக்கு ஒன்று, வெறும் கடவுச்சொல்லால் திறந்தது. இரண்டாவது சான்று எதனையும் அது கேட்கவில்லை. சுரங்கவழி இருந்தது, அதன் சாவிகளைக் கணக்கெடுப்பார் இல்லை.

சுரங்கவழியின் நிரலும் மனிதர் எழுதியதே. அதற்கும் திருத்தங்கள் வரும். 2024 மார்ச்சில், லினக்ஸ் கணிப்பொறிகளில் எஸ்.எஸ்.எச். பணியைக் கைப்பற்றும் நோக்கத்துடன் எக்ஸ்.இசட். என்னும் துணை நிரலில் யாரோ புகுத்திய சூழ்ச்சி வெளிப்பட்டது. அதனைக் கண்டவர் ஆந்திரேஸ் பிராயிண்டு என்னும் பொறியாளர். உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி மிகுதியாவதைக் கவனித்து, அது ஏன் என்று விடாது வினவியதால் கண்டார். வழக்கத்தினின்றும் சிறிது விலகிய அளவைப் புறக்கணிக்காமை, கள ஆய்வாளர் ஒவ்வொருவரும் பழகிய பண்பன்றோ?

செய்ய வேண்டுவன

இலாகாக்கள் செய்ய வேண்டுவது முதலாவது. தம் கீழுள்ள நிலையங்கள் அனைத்திலும் எந்த வாயில்கள் வெளியே திறந்துள்ளன என்பதை ஒரு தடவையேனும் வெளியிலிருந்து சோதித்துப் பட்டியலிடுதல் வேண்டும். 3389, 5900 ஆகியவை திறந்துள்ள இடங்களில் அவற்றை அடைத்து, அடைப்பதற்கு முன்னரே மாற்றுவழியை அமைத்துத் தருதல் வேண்டும். ஊழியர் மாற்றலாகிச் செல்லும் நாளில் மேசைச் சாவியையும் பதிவேட்டையும் திரும்பப் பெறுகிறோம். அன்றே அவருடைய பொதுச்சாவி எழுதப்பட்ட வரியையும் நீக்குதல் வேண்டும். ஒருவருக்கு ஒரு சாவி என்பது கட்டாயமாகட்டும். அலுவலகம் முழுவதற்கும் ஒரே கடவுச்சொல் என்னும் வழக்கத்தில், தவறு நேர்ந்தபின் யார் நுழைந்தார் என்பதைக் காணவே முடிவதில்லை. கணிப்பொறி அவசரநிலைகளைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று விடுத்த கட்டளைப்படி, இத்தகைய சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும். நுழைவுப் பதிவுகளை 180 நாள் காத்தல் வேண்டும். கோப்புகளின் காப்புப் பிரதி ஒன்றை வலையுடன் இணையாத இடத்தில் வைத்தல் அனைத்திற்கும் அடிப்படை.

கள ஊழியர் செய்ய வேண்டுவன சிலவே. மறைச்சாவியைக் கடவுத்தொடர் ஒன்றால் பூட்டி வைக்க வேண்டும். எவருக்கும் அதனை மின்னஞ்சலில் அனுப்பலாகாது. முதன்முறை நிலையத்துடன் இணையும்போது எஸ்.எஸ்.எச். நிரல், மறுமுனைக் கணிப்பொறியின் விரலடையாளம் எனப்படும் எழுத்துவரிசை ஒன்றைக் காட்டி, "இதனை ஏற்கலாமா?" என்று வினவும். பெரும்பாலோர் அதனைப் படியாமலே ஆம் என்கின்றனர். இடையில் வேறொருவன் நின்று தன்னை நிலையம் என்று நடித்தால், அவனைக் காட்டிக்கொடுப்பது அவ்வரிசை ஒன்றே. நிலையத்தில் உள்ளவரைத் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, அங்கு எழுதி வைத்துள்ள வரிசையைச் சற்றுப் படியுங்கள்" என்று கேட்டு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். பிற்பாடு என்றேனும் அவ்வடையாளம் மாறிவிட்டதாக நிரல் எச்சரித்தால், காரணம் தெரியும்வரை மேற்செல்லலாகாது. பிரௌசிங் சென்டரில் உள்ள கணிப்பொறியிலிருந்தும், பிள்ளைகள் விளையாட்டு நிரல்களை இறக்கும் வீட்டுக் கணிப்பொறியிலிருந்தும் சுரங்கவழியைத் திறவாதிருத்தல் நலம். வழி எத்துணைக் காப்பானதாயினும், புறப்படும் இடத்தில் உள்ள நோய் அவ்வழியே சேருமிடத்தையும் சென்றடையும்.

ஆசிரியப் பெருமக்கள் ஆற்றக்கூடிய பணி இவை இரண்டினும் பெரிது. பள்ளியில் இரண்டு பழைய கணிப்பொறிகளும் ஒரு வடமும் இருந்தால், சுரங்கவழியை வகுப்பறையிலேயே அமைத்துக் காட்டலாம். பூட்டை யாருக்கும் தந்து சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பொதுச்சாவிக் கொள்கையை, ஒரு பெட்டியையும் ஒரு திறந்த பூட்டையும் கொண்டு எட்டாம் வகுப்பு மாணவருக்கும் விளக்கலாம். எண்களின் பெருக்கம் எளிது, பகாக் காரணிகளைக் காண்பது அரிது என்னும் கணிதப் பாடம், வங்கிக் கணக்கையும் ஆற்றங்கரை நிலையத்தையும் காக்கும் கோட்பாடுகளுள் ஒன்றாக இருப்பதைக் காணும் மாணவன், கணிதத்தைப் புதிய கண்ணால் பார்ப்பான். "அழைத்தவர் யாரென்று அறியாமல் திரையைத் திறவாதே" என்று அவன் வீட்டில் தன் பாட்டிக்குச் சொல்லும் ஒரு சொல், ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கை சென்று சேராத இடத்திலும் சென்று சேரும்.

நிரல் விலையின்றிக் கிடைக்கிறது. முறை முப்பது ஆண்டுகளாகச் சோதிக்கப்பட்டது. கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். குறைவாக உள்ளது, அதனைச் செய்தே ஆகவேண்டும் என்னும் உறுதி மட்டுமே. தொலைதூர நிலையத்தில் ஒருவர் வெயிலிலும் மழையிலும் நின்று அளந்து எழுதிய ஓர் எண், அவர் எழுதியவாறே நம்மை வந்தடைதல் வேண்டும். அதனை வழியிற் காப்பது அவருடைய உழைப்பிற்கு நாம் செலுத்தும் மரியாதையாகும். ஆகவே திறந்துள்ள வாயில்களை இம்மாதமே எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றாக அடைக்கத் தொடங்குவோமாக.